ஓவசியர் வேலையும் உலக வங்கியும்

சென்ற மாதம் எமது பழைய மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வீட்டுக்கு வந்திருந்தார். பொறியியல் கற்றுத் தேறியவர். சர்வதேச அபிவிருத்தி நிறுவனமொன்றின் சார்பில், அந்நிய நாடொன்றிலே வீதி, பாலம், குடிநீர்த் திட்டம் முதலிய கட்டுமானங்களை நிருவகிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர். தேநீர் கொண்டுவந்த எமது அன்னையார், "தம்பி, அங்கே உமக்கு என்ன வேலை?" என்று விசாரித்தார். அவர் சற்று யோசித்து, "கட்டுகிறவர் வேறு, அம்மா, கட்டுவிக்கிறவரும் வேறு. காசு கொடுக்கிறவர்களுடைய ஆள் நான்" என்றார். "அப்படியானால் ஓவசியர் வேலை என்று சொல்லும்" எனத் தீர்ப்புக் கூறிவிட்டு அன்னையார் அடுக்களைக்குத் திரும்பினார். மாணாக்கர் வாய்விட்டுச் சிரித்தார், மறுக்கவில்லை.

மறுநாள் உயர்தர வகுப்பிலே இந்தக் கதையைச் சொன்னோம். பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, காசு கொடுத்தவர்கள் மேற்பார்வை செய்து கட்டிய அணை உடைந்தால் குற்றம் யாருடையது?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. அடிக்காவிட்டாலும் நாம் உடனே விடை சொல்லியிருப்போம் என்பதற்கு உறுதி இல்லை. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே இவ்வாரம் சிந்து நதிக் கதையை எழுதத் துணிந்தோம். வங்கியொன்று ஓவசியர் வேலை பார்த்த கதைகளுள் இதைவிடப் பெரியது அரிது.

1947இல் இந்தியா பிரிவுற்றபோது எல்லைக்கோடு பஞ்சாபின் வாய்க்கால்களை ஊடறுத்துச் சென்றது. தலைமதகுகள் ஒரு நாட்டிலும், அவற்றினால் விளைந்த வயல்கள் மறுநாட்டிலும் அகப்பட்டன. 1948 ஏப்ரல் 1ஆந் திகதி கிழக்குப் பஞ்சாப் அரசு சில வாய்க்கால்களுக்கு நீரை நிறுத்திவிட்டது. தற்காலிக உடன்பாடுகளால் நீர் மீண்டும் ஓடிற்றேயாயினும், பகை ஓயவில்லை. 1951இல் அமெரிக்கராகிய டேவிட் லிலியந்தால் இரு நாடுகளிலும் சுற்றுப்பயணஞ் செய்து, உலக வங்கியின் உதவியோடு இப்பிணக்கைத் தீர்க்கலாம் எனக் கட்டுரை வரைந்தார். வங்கியின் தலைவராயிருந்த யூஜீன் பிளாக் அதனைப் பற்றிக்கொண்டார். பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, ஈற்றில் 1960 செப்டெம்பர் 19ஆந் திகதி கராச்சி நகரில் நேருவும் அயூப்கானும் சிந்து நீர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். வங்கியின் சார்பில் இலிஃப் என்பவரும் ஒப்பமிட்டார். சிந்து, ஜீலம், செனாப் என்னும் மேற்கு நதிகள் பாகிஸ்தானுக்கு; ராவி, பியாஸ், சட்லெஜ் என்னும் கிழக்கு நதிகள் இந்தியாவுக்கு.

காகிதத்திலே நதிகளைப் பங்கிடுதல் எளிது. கிழக்கு நதிகளின் நீரைக் குடித்து வளர்ந்த பாகிஸ்தான் வயல்களுக்கு மேற்கு நதிகளின் நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதெங்ஙனம்? அதற்கென மங்களா, தர்பேலா என்னும் இரு பேரணைகள், ஐந்து தடுப்பணைகள், நதியோடு நதியை இணைக்கும் எட்டுக் கால்வாய்கள், ஆற்றின் அடியே நீரைக் கடத்தும் சுருங்கை ஒன்று ஆகியவற்றைக் கட்டத் தீர்மானித்தனர். தவணை பத்தாண்டு. பணம் பல பைகளிலிருந்து வந்தது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, மேற்கு ஜேர்மனி, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் நிதி வழங்கின. இந்தியாவும் தன் பங்காக 6 கோடியே 20 இலட்சம் பவுணுக்கு மேல் தவணைகளாகச் செலுத்த உடன்பட்டது. வங்கியும் கடன் கொடுத்தது. இப்பைகளையெல்லாம் ஒரே முடிச்சாகக் கட்டிச் சிந்துப் படுகை அபிவிருத்தி நிதி எனப் பெயரிட்டு, அதன் நிருவாகியாக உலக வங்கியையே நியமித்தனர்.

நிருவாகி என்றால் என்ன செய்பவர்? இங்கேதான் எமது மாணாக்கரின் உத்தியோகம் தலைகாட்டுகிறது. வங்கி மண் வெட்டவில்லை, கொங்கிறீற்றுக் குழைக்கவில்லை. வேலைக்கு உடைமையாளர் 1958இல் நிறுவப்பட்ட பாகிஸ்தானின் நீர், மின்வலு அதிகாரசபை. வரைபடம் கீறி வேலையைக் கண்காணிப்பவர்கள் ஆலோசனைப் பொறியியலாளர்கள்: மங்களாவுக்கு இலண்டன் நிறுவனமொன்று, தர்பேலாவுக்கு நியூயோர்க் நிறுவனமொன்று. கட்டுபவர் கொந்தராத்துக்காரர். இம்மூவருக்கும் மேலே, பணப்பையின் கயிற்றைப் பிடித்தபடி வங்கி. உலகெங்குமுள்ள நிறுவனங்களிடமிருந்து கேள்விப்பத்திரம் கோரப்பட வேண்டும். வந்தவற்றை ஒரே அளவுகோலால் ஒப்பிட வேண்டும். செய்து முடித்த வேலையைப் பொறியியலாளர் அளந்து சான்றளித்த பின்னரே நிதியிலிருந்து பணம் வெளிவரும். வங்கி தனக்கெனவும் தனியே ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டது; கண்காணிப்பவரைக் கண்காணிக்க ஒருவர்! அன்னையாரின் அகராதியில் இதற்குச் சொல் இல்லை.

கேட்பதற்கு வெறும் எழுதுவினைஞர் வேலைபோல் தோன்றும். ஆனால், ஓராயிரம் பக்கக் கொந்தராத்தில் எந்தப் பாறை கடினப்பாறை, எது மென்பாறை என்ற ஒரு வரிக்காகக் கோடிக்கணக்கான டொலர் கைமாறக் கூடும். நிலத்தைத் தோண்டும்போது எதிர்பாராதது வெளிப்பட்டால் அந்த நட்டம் யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல் பெருங்கலை. பொறியியல் கற்க விரும்பும் மாணவர்கள் கணிதத்தோடு மொழிப்பாடத்தையும் சற்றுக் கவனிப்பார்களாயின், மொழி கற்பிக்கும் எமக்கு மகிழ்ச்சி.

மதிப்பீடுகள் விரைவிலேயே பொய்த்தன. 1960இற் கணக்கிட்ட தொகை போதாமல், 1964இல் மேலும் 31 கோடியே 50 இலட்சம் டொலர் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்பொழுதே, தர்பேலா அணை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் எழுந்தது. இவ்வளவு பொருட்செலவு தகுமா என்று வங்கியினர் ஐயுற்றனர். இது இல்லாமல் எமது நாடு இல்லை என்று பாகிஸ்தானியர் அடித்துக் கூறினர். வங்கியின் நிருவாக இயக்குநர்களுள் ஒருவரான பீற்றர் லீஃப்ரிங் தலைமையில் நீண்டதோர் ஆய்வு நடைபெற்றது. கடைசியில் 1968இல் தர்பேலாவுக்கெனத் தனி நிதி அமைத்து, இத்தாலிய, பிரெஞ்சு நிறுவனங்களின் கூட்டுக்கு வேலையை ஒப்படைத்தனர். பின்னர் ஜேர்மன், சுவிஸ் நிறுவனங்களும் அக்கூட்டிற் சேர்ந்தன. மங்களா அதற்கு முன்னரே, 1967இல், நிறைவெய்திவிட்டது.

தர்பேலாவின் இடர் அதன் அடியிலே இருந்தது. சிந்து நதி மலையை விட்டிறங்கும் அவ்விடத்திற் பாறை மிக ஆழத்தில் கிடக்கிறது. அதன்மேல் பரலும் மணலுமாக நூறு மீற்றருக்கு மேற்பட்ட படிவு. பாறைவரை தோண்டிச் சுவர் எழுப்புதல் இயலாது. ஆகவே, 143 மீற்றர் உயரமும் ஏறக்குறைய 2,700 மீற்றர் நீளமுமான மண்ணணையை அப்படிவின் மீதே எழுப்பினர். அடிவழியே நீர் ஊறிச் செல்லாதிருக்க, அணையின் முன்புறத்திலே நீர்த்தேக்கத்தின் தரையில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் களிச் செறிவான மண்ணை விரித்தனர். முற்றத்திலே நெல் காயவிடப் பாய் விரிப்பதுபோல் என எண்ணிக்கொள்ளுங்கள். அணையருகே தடிப்பாயும் தூரச் செல்லச் செல்ல மெல்லியதாயும் அமைந்த பாய் அது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 15,000 பேர் அங்கு வேலை செய்தனர்.

1974ஆம் ஆண்டு கோடையில் முதன்முதலாக நீரைத் தேக்கினர். மலையைக் குடைந்து அமைத்த நான்கு சுரங்கங்களின் வழியே நதியைத் திருப்பியிருந்தார்கள். அவற்றின் கதவுகள் சரிவர மூடாமல் இடையிற் சிக்கின. ஆகஸ்ட் மாதத்தில் இரண்டாஞ் சுரங்கத்தின் முகப்பகுதி இடிந்து வீழ்ந்தது. அணைக்கே ஆபத்து நேருமென அஞ்சி, தேக்கிய நீரையெல்லாம் வெளியேற்றினர். வற்றிய தரையைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. விரித்த பாயிலே முந்நூற்றுக்கு மேற்பட்ட குழிகளும் நீண்ட வெடிப்புகளும் காணப்பட்டன. நீரின் பாரத்தால் அடிநிலம் ஒரே சீராக அமராமையே காரணம். சுரங்கம் இடிந்திராவிட்டால் அந்தக் குழிகள் அப்போது கண்ணிற் பட்டிரா என்பதை நினைக்க எமக்கு இன்றும் மயிர் கூச்செறிகிறது. ஒரு விபத்து மற்றொரு பெருவிபத்தைக் காட்டிக்கொடுத்தது.

குழிகளை நிரப்பி, பாயைத் தடிப்பாக்கினர். மறுபடி நீர் தேங்கிய பின்னரும், நீரடியில் ஒலியலைக் கருவிகளால் குழிகளைத் தேடி, படகுகளிலிருந்து மண்ணைக் கொட்டி அடைத்தனர். வெளியிடும் நீரின் வேகத்தால் வேறு சேதங்களும் நேர்ந்தன, அவற்றையும் செப்பனிட்டனர். நாளடைவில் நதி தானே கொண்டுவந்த வண்டல் அப்பாயின் மேல் படிந்து கசிவைக் குறைத்தது.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். குற்றம் யாருடையது? வடிவமைத்தவரும் கட்டியவரும் ஒருவரையொருவர் சுட்டினர். அது கொந்தராத்து உலகின் இயல்பு. செலவைப் பொறுத்தவரை, 1975இல் துணை உடன்பாடொன்று எழுதி நிதி வழங்கிய நாடுகள் மேலும் பணம் தந்தன. அவ்வளவில் நிருவாகியாகிய வங்கி ஓடி ஒளியவில்லை என்று சொல்லலாம். ஆனால், வெளியேற்றிய நீர் போனது போனதுதான். அந்தப் பருவத்துக்கு அந்நீரை நம்பியிருந்த கமக்காரன் எந்த உடன்பாட்டிலும் ஒப்பமிட்டவனல்லன். கடனாக வந்த பங்கைத் திருப்பிக் கொடுத்ததும் அவனுடைய நாடே. ஆகவே, மேற்பார்வை செய்பவர் பொறுப்பேற்பது கடிதத்தில். பாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் வேறொருவர் என்பதே எமது கருத்து. அம்மாணவன் இதனை ஒப்புக்கொள்ளாமல் வாதாடுவானாயின் நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. தர்பேலாவால் ஏறக்குறைய 96,000 பேர் ஊர் இழந்தனர். உலக அணைகள் ஆணைக்குழு 2000ஆம் ஆண்டளவில் இவ்வணையை ஆராய்ந்தபோதும், பதிலுக்குக் காணி கிடைக்காத குடும்பங்கள் இருந்தன. மங்களாவின் நீர் பழைய மீர்ப்பூர் நகரை விழுங்கிற்று; இடம்பெயர்ந்தோரிற் பலர் பிரித்தானியா சென்று ஆலைத் தொழிலாளராயினர். நீர் வற்றும் மாதங்களில் பழைய நகரின் கோவில்களும் தர்காக்களும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. 1947க்குப் பின் பூசை காணாத கோவில்கள் அவை. பழைய குடிகளின் பிள்ளைகள் அங்கே சென்று தம் முன்னோரின் கல்லறைகளைத் தேடுவதுண்டாம்.

தர்பேலா இன்றும் பாகிஸ்தானின் முதுகெலும்பு போன்றது. நீர்ப்பாசனத்துக்கென அமைத்த நான்காஞ் சுரங்கத்தை உலக வங்கியின் கடனுதவியோடு மின் உற்பத்திக்கு மாற்றி, 2018இல் 1,410 மெகாவாற்றுக் கூட்டினர். மறுபுறம் ஆதியிலிருந்த கொள்ளளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வண்டலுக்கு இரையாயிற்று. உடன்படிக்கையையோ 2025 ஏப்ரலில் இந்தியா இடைநிறுத்துவதாக அறிவித்தது. இரு நாடுகளும் போர் புரிந்த ஆண்டுகளிலெல்லாம் நிலைத்திருந்த ஏடு அது.

எமது நாடும் இவ்வங்கிக்குப் புதிதன்று. 1954இல் இலங்கை அதனிடம் பெற்ற முதற்கடன் இலட்சபான நீர்மின் திட்டத்துக்கே. இதனை எமது மாணாக்கரோடு பேசிக்கொண்டிருக்கையில் அன்னையார் வெறுங் கோப்பையை எடுக்க வந்தார். "பாலம் கட்டுகிற இடத்திலே இருந்த சனம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். நாற்பது வரையான குடும்பங்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்ததென்றும், இருபத்தாறு குடும்பங்களுக்கு வீடு கொடுத்தாயிற்றென்றும் அவர் கூறினார். "மற்றவர்கள்?" என்றார் அன்னையார். "அந்தக் கோவை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, அம்மா" என்று சொல்லிவிட்டு, கொழும்புக்குப் போகும் இரவு பஸ் எத்தனை மணிக்கு என்று எம்மிடம் விசாரித்தார்.