அசல் துப்பாக்கி என்னும் டுபாக்கூர்

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். 'சேவிங் ப்ரைவேட் ரயன்' படத்தில் பார்த்ததோடு சரி, தொட்டதுகூட இல்லை. ஆனால் அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்கும் கனவான்கள், "ஒரிஜினல் பாகமே கிடைப்பதில்லை, விலை எங்கேயோ போய்விட்டது" என்று வடிக்கும் கண்ணீரைப் படித்தபோது எனக்குப் பரிதாபம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தட்டுப்பாட்டில் பாதி இவர்கள் கைவேலை!

அந்தப் படத்தில் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஓடும் எம்1 கராண்டையே எடுத்துக்கொள்வோம். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம், 1957இல் உற்பத்தி நிற்பதற்குள் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிறகு எப்படித் தட்டுப்பாடு?

நியாயமான காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. பெரும்பகுதியைத் தயாரித்த ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆர்மரி என்ற அரசு ஆலை 1968இல் மூடப்பட்டது. நட்பு நாடுகளுக்குக் கொடுத்த துப்பாக்கிகளைத் தனியார் திரும்ப இறக்குமதி செய்ய அனுமதிப்பதில்லை என்று 2013இல் ஒபாமா அரசு அறிவித்தது. சரி. ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது வேலை செய்யும் பாகத்தை அல்ல. 'கரெக்ட்' பாகத்தை!

அதென்ன கரெக்ட்? கராண்டின் பாகங்களில் வரைபட எண்ணும் தயாரிப்பாளர் குறியும் பொறித்திருக்கும். 1943இல் செய்த துப்பாக்கி என்றால் ஒவ்வொரு பாகமும் அந்தக் காலத்துக் குறியோடு இருக்கவேண்டுமாம். போருக்குப் பிறகு ராணுவமே இவற்றைக் கழற்றி, பழுது பார்த்து, கையில் கிடைத்த பாகத்தைப் போட்டு மாட்டியது. பின் குறிமுள்ளைக்கூடப் புது மாதிரிக்கு மாற்றியது. அதாவது கலப்படமாக இருப்பதுதான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான சரித்திரம். இவர்கள் நாலு துப்பாக்கியைப் பிரித்து ஒரு 'கரெக்ட்' துப்பாக்கி செய்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது எந்தப் போர்க்களத்தையும் பார்க்காத புத்தம்புது ஜோடனை. அதற்குப் பெயர் அசல்!

இதைவிட பெரிய காமெடி ஒன்று. போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளித் திறக்கும் கம்பிக்கு ஆப்பரேட்டிங் ராட் என்று பெயர். பழைய கம்பியில் ஒரு மூலையில் விரிசல் விழுந்ததால், அந்த மூலையை ராணுவமே அரைவட்டமாக வெட்டிவிட்டது. இன்று வெட்டாத கம்பிக்குத்தான் ஏக கிராக்கி. ராணுவம் குறை என்று திருத்தியதற்கு இவர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். நல்ல கம்பி மலிவு, விரிசல் விடும் கம்பி உசத்தி. எந்தப் பாடப்புத்தகத்தில் சேர்ப்பது இதை?

விலை ஏறினால் உற்பத்தி கூடும் என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே 1943ஐத் திரும்ப உற்பத்தி செய்ய முடியாது. அதனால் விலை ஏற ஏற இரண்டுதான் கூடும். ஒன்று, போலி முத்திரை. கட்டையில் பொய்க் குறி குத்துவது அங்கே பழைய தொழில். இரண்டு, பிரித்து விற்பது. ஒரு பேச்சுக்கு, முழுத் துப்பாக்கி நூறு ரூபாய், பாகங்களாக விற்றால் நூற்றைம்பது என்றால் எந்த வியாபாரி முழுசாக விட்டுவைப்பான்? கம்பெனியை வாங்கி, சொத்தைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்க்கும் அதே கதை.

"என் காசு, என் துப்பாக்கி, உனக்கென்ன?" என்பார்கள். சட்டப்படி சரி. ஆனால் பிரித்துப்போட்ட மூன்று துப்பாக்கிகள் போனது போனதுதான். எந்தப் பட்டறையில், எந்த வருடம், யார் பழுது பார்த்தார்கள் என்ற தடயமும் அவற்றோடு போச்சு. சரித்திரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தீர்வு சுலபம். தடை வேண்டாம், சட்டம் வேண்டாம். பழுது பார்த்த முத்திரையோடு வரும் கலப்படத் துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாகம் மாற்றினால் மாற்றினேன் என்று எழுதிக் கொடுத்து விற்றுவிடுங்கள். 'கரெக்ட்' என்ற வார்த்தைக்குக் கூடுதல் காசு தருவதை நிறுத்துங்கள். பிரித்து விற்பதில் லாபம் போய்விட்டால் ஸ்க்ரூ ட்ரைவர் தானாகக் கீழே இறங்கும்.

அதுவரை விலை ஏறுகிறதே என்று புலம்பாதீர்கள். ஏற்றியது நீங்கள்தான் :-)