மீட்சியின் இலாபம் யாருக்கு? புகையும் குப்பையும் யாருக்கு?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்த நமது நாடு, இன்று மீட்சி பற்றிப் பேசுகிறது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். 2024இலோ பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. இடையில் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் வேலைத்திட்டம் வந்தது. 18 வீத வற் வரி வந்தது. மின்கட்டணம் ஏறியது. அதாவது, மீட்சிக்கான விலையைச் சாதாரண குடும்பங்கள் ஏற்கனவே செலுத்திவிட்டன. பெரிய கம்பனிகள் தம் பங்காக எதைச் செலுத்துகின்றன என்பதே என் கேள்வி.

கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகளில் 'நிலைபேறான அபிவிருத்தி' என்ற அத்தியாயம் இல்லாமல் இருப்பதில்லை. மரம் நட்ட படம், பாடசாலைக்குக் கொப்பி வழங்கிய படம், கடற்கரையைச் சுத்தம் செய்த படம். இவை நல்ல காரியங்கள்தாம். ஆனால் தர்மம் வேறு, பொறுப்பு வேறு. ஒரு தொழிற்சாலை எவ்வளவு புகை விடுகிறது, கழிவு நீர் எங்கே போகிறது என்பதற்குக் கொப்பி விநியோகம் பதிலாகாது.

இவ்விடயத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அது நம்மவர் மத்தியில் அதிகம் பேசப்படவில்லை. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் கொண்டுவந்த புதிய நியமங்கள், 2025 ஜனவரி முதல் கொழும்பு பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளுக்கு நடைமுறைக்கு வந்துள்ளன. ஏனைய கம்பனிகள் படிப்படியாகச் சேர்க்கப்படும். காலநிலை சார்ந்த ஆபத்துகளையும் கரியமில வாயு வெளியேற்றத்தையும் இலக்கத்தில் சொல்ல வேண்டும். பணிப்பாளர் சபையில் இதைக் கண்காணிப்பது யார் என்றும் சொல்ல வேண்டும். இதுவரை மாணவன் தானே வினாத்தாள் தயாரித்து, தானே விடையெழுதி, தானே புள்ளியும் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது வினாத்தாளாவது வெளியிலிருந்து வருகிறது.

ஆனால் அதன் எல்லையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்நியமங்கள் முதலீட்டாளர்களுக்காக எழுதப்பட்டவை. வெள்ளமும் வரட்சியும் கம்பனியின் வருமானத்தை எப்படிப் பாதிக்கும் என்பதே அங்கு பிரதானம். கம்பனியால் அயலவருக்கு என்ன நேர்கிறது என்பது அடுத்த வரிசையில்தான் இருக்கிறது.

அந்த அயலவர்களில் நம் சமூகத்தவர் பலர் இருக்கிறார்கள். புத்தளத்தைப் பாருங்கள். ஒரே மாவட்டத்தில் 900 மெகாவாற் நுரைச்சோலை அனல் மின் நிலையம், சீமெந்துத் தொழிற்சாலை, அதற்கான சுண்ணாம்புக்கல் அகழ்வு. 2017இல் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்த பின்னர், கொழும்பின் குப்பையும் அருவக்காட்டுக்கே கொண்டுவரப்பட்டது. மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றார்கள். மின்சாரமும் சீமெந்தும் முழு நாட்டுக்கும் போகின்றன. சாம்பலும் தூசும் குப்பையும் புத்தளத்தில் தங்குகின்றன.

பசுமை என்ற பெயர் மட்டும் நீதியாகிவிடாது என்பதற்கு மன்னார் உதாரணம். 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் என்பது தேசிய இலக்கு. நல்ல இலக்கு. ஆயினும் 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளை எதிர்த்துப் போராடினார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவைகளின் வலசைப் பாதை பற்றிய அவர்களது கேள்விகள் உரிய நேரத்தில் செவிமடுக்கப்படவில்லை. காற்றாலைக்கும் அயலவர்கள் உண்டு.

'முதலில் பொருளாதாரம் நிமிரட்டும், சுற்றாடலைப் பிறகு பார்க்கலாம்' என்பார்கள். கடனில் மூழ்கிய கம்பனிக்குப் புதிய வடிகட்டி வாங்குவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் 'பிறகு' என்பதன் விலை பெரியது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில்தான். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உலக வங்கி கணித்த நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர். நாணய நிதியம் நான்கு ஆண்டுகளில் தரும் தொகையைவிட இது அதிகம். சுற்றாடலைத் தள்ளிப்போட்டுப் பொருளாதாரத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்போம். முதலாவது, நாடளாவிய மொத்தத் தொகை மட்டும் போதாது. ஒவ்வொரு ஆலைக்குமான தூசு, நீர், கழிவு அளவீடுகள் அந்தந்த ஊர் மக்களின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, அவற்றைச் சுயாதீனமான ஒருவர் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, பிரதம நிறைவேற்று அதிகாரியின் மேலதிகக் கொடுப்பனவு இலாபத்தோடு மட்டுமன்றி இந்த இலக்குகளோடும் பிணைக்கப்பட வேண்டும். தலைவரின் பைக்குள் எட்டாத வாக்குறுதி, அறிக்கையின் பளபளப்பான தாளோடு நின்றுவிடும்.

கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பங்குச் சந்தைக் கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகள் யாரும் வாசிக்கக்கூடியவை. நமது பள்ளிவாசல் சம்மேளனங்கள், மீனவர் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் நன்கொடைக் கடிதத்தோடு கம்பனி வாசலுக்குப் போகின்றன. அடுத்த முறை போகும்போது, அந்த அறிக்கையின் உரிய பக்கத்தையும் கையில் எடுத்துச் செல்லட்டும். பூமியும் கொடுத்த வாக்கும் அமானிதம் என்று நம்புகின்ற சமூகம், நன்கொடையைப் பெற்றுக்கொண்டு கேள்வியை விட்டுக்கொடுப்பது முறையல்ல.