பழைய வாட்ச்சுக்குப் புது ஸ்டிராப்: மவுஸைத் தொடும் முன் ஸ்கேலைத் தொடுங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வந்தவுடன், முதல் மாதத்தில் அநேகமாக எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஆன்லைன் கடை ஒன்றிற்குள் நுழைந்து, சிறிய தொகைக்கு ஒரு பொருளை ஆர்டர் செய்து பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். இன்ஜினியரிங் முடித்து, சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்பில் நான் ஆர்டர் செய்த முதல் பொருள், அப்பாவின் எச்.எம்.டி. ஜவான் வாட்ச்சுக்கு ஒரு தோல் ஸ்டிராப். அந்த ஒரு ஸ்டிராப்பால், இருபது வருடத்திற்கு மேல் கையை விட்டு இறங்காத வாட்ச் பீரோவிற்குள் போய்விட்டது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகிப் போன கருத்து இதுதான்: ஸ்டிராப்பை அழகு பார்த்து வாங்கக் கூடாது, அளவும் ஊரின் வெயிலும் பார்த்து வாங்க வேண்டும்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று அரியலூர் வந்தபின் சிமெண்ட் ஆலை ஒன்றில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் தினமும் சைக்கிள் பயணம். தூசியும் வியர்வையும் பட்டு ஸ்டிராப் இற்றுப் போயிருந்தது. திரையில் பார்த்த ஸ்டிராப்போ பழுப்பு நிறம், தடித்த தையல், பழைய ராணுவ வாட்ச் போன்ற தோற்றம். விலையும் குறைவு. யோசிக்காமல் கிளிக் செய்தேன். வந்ததும் நானே மாட்டிக் கொடுத்தேன். "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிக் கட்டிக் கொண்டார்.

மூன்று மாதம் கழித்து லீவில் வந்தபோது கையில் வாட்ச் இல்லை. செல்போனில் மணி பார்த்தார். கேட்டதற்கு, "விசேஷத்துக்குக் கட்டிக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. பையன் வாங்கிக் கொடுத்தது உறுத்துகிறது என்று சொல்ல மனம் வராமல் வாட்ச்சையே கழற்றி வைத்துவிட்டார்.

திரையில் தெரியாத மில்லிமீட்டர்

பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எம்.எம். வாங்குனீங்க தம்பி?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. வாட்ச்சின் இடைவெளி 18. நான் வாங்கியதோ 20. தோலின் ஓரத்தை நசுக்கித் திணித்திருந்தேன். அதனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின் துவாரத்தில் முழுவதும் உட்காரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தா வாட்ச் ரோட்டுலதான் கிடந்திருக்கும்" என்றார்.

விழுந்து உடைந்திருந்தால் அதற்கு ஈடு கிடையாது. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் 1961-ல் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா, பைலட், ஜவான், காஞ்சன் என்று அதன் வாட்ச்சுகள் இல்லாத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். பின்னர் நம் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்ச்சுகள் வந்தன. சாவி கொடுக்கும் வாட்ச்சுகளுக்கு மவுசு குறைந்தது. எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஆகவே உங்கள் வீட்டில் இருக்கும் பழைய வாட்ச், கடைக்குப் போய் மறுபடி வாங்கக்கூடிய பொருள் அல்ல. அதைக் கையில் பிடித்து வைத்திருப்பது இரண்டு சிறிய பின்களும் ஒரு பட்டையும்தான்.

எனவே ஆர்டர் செய்யும் முன் மூன்று அளவுகளை எடுத்துக் கொள்ளுங்கள். முதலாவது, ஸ்டிராப் மாட்டும் இரு கொம்புகளுக்கு இடையே உள்ள உள் இடைவெளி. பழைய ஆண்கள் வாட்ச்சுகள் பலவற்றில் இது 18 மில்லிமீட்டர் இருக்கும். 16, 17, 19 என்றும் இருக்கலாம். ஊகிக்காமல் அளந்து பாருங்கள். இரண்டாவது, மணிக்கட்டின் சுற்றளவு. ஒரு காகிதத் துண்டைச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, விரித்து அளக்கலாம். வெயிலில் கை சற்று உப்பும் என்பதால் மாலையில் அளப்பது நல்லது. மூன்றாவது, ஸ்டிராப்பின் தடிமன். பழைய வாட்ச்சுகள் சுமார் 35 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. தடித்த பட்டையை மாட்டினால் வாட்ச் சிறுத்துப் போய்ப் பட்டைதான் தெரியும்.

உங்களிடம் பிரிண்டர் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மணிக்கட்டை அளக்கும் ஸ்கேல் படங்கள் பி.டி.எஃப். கோப்பாக இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை அச்சிடும்போது பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் படம் சுருங்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் எனத் தேர்ந்தெடுத்திடவும். அச்சான தாள் சரியா என்று சோதிக்க உங்கள் ஏ.டி.எம். கார்டே போதும். அதன் நீளம் 85.6 மில்லிமீட்டர். அச்சிட்ட ஸ்கேலின் மீது கார்டை வைத்துப் பாருங்கள். ஒத்து வரவில்லை என்றால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்கு எது?

இங்கேதான் பலர் என்னுடன் மாறுபடுவார்கள். பழைய வாட்ச் என்றால் தோல்தான் அழகு என்பது பொதுவான எண்ணம். தோலை நான் குறை சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பெயர் போன ஊர்கள் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதப்படுத்தியவர்கள் நாம். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் சைக்கிள் மிதிப்பவர் கையில், நாள் முழுவதும் வியர்வை குடிக்கும் தோல் விறைக்கும், நாறும், உட்புறம் வெடிக்கும். தோல் என்று சொல்லி விற்கப்படும் மலிவான ரெக்சின் இன்னும் மோசம். சில வாரங்களில் உரிந்துவிடும். ஏ.சி. அறையில் வேலை, மாலை நேர விசேஷம் என்றால் தோல் கட்டுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் கழற்றிக் காற்றாட வையுங்கள். தினசரி உழைப்புக்கு அது ஏற்றதல்ல.

ரப்பர், சிலிக்கான் பட்டைகளைக் கழுவுவது சுலபம். ஆனால் அடியில் வியர்வை தேங்கிப் புழுங்கும். இழுபடும் ஸ்டீல் செயின் காற்றோட்டமானது. ஆனால் முடியைப் பிடித்து இழுக்கும். லேப்டாப்பில் டைப் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செயினின் கொக்கி, கீபோர்டின் கீழ் உள்ள கை வைக்கும் இடத்தில் கோடு கோடாகக் கீறிவிடும்.

என் ஓட்டு நைலானுக்கு. அதுவும் ராணுவம் நமக்குத் தந்த ஒற்றைப் பட்டை நைலானுக்கு. பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம் 1973-ல் வெளியிட்ட தர விவரக் குறிப்பில் இந்தப் பட்டை இடம்பெற்றது. 20 மில்லிமீட்டர் அகலம், சாம்பல் நிறம், நைலான். ஸ்டோரில் அதை வாங்க ஜி10 என்ற படிவம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்ததால் 'ஜி10' என்றே அதற்குப் பெயர் வந்தது. இன்று கடைகளில் 'நேட்டோ ஸ்டிராப்' என்ற பெயரில் பல அகலங்களில் கிடைக்கிறது.

இதன் சூட்சுமம் எளிமையானது. தோல் ஸ்டிராப் இரண்டு துண்டு. ஒரு பின் கழன்றால் வாட்ச் கீழே. நைலான் பட்டையோ ஒரே துண்டாக இரண்டு பின்களின் அடியிலும் நுழைந்து வருகிறது. ஒரு பின் போனாலும் மற்றொன்றில் வாட்ச் தொங்கிக் கொண்டிருக்கும். பேக்கப் எடுத்து வைப்பது போலத்தான் இதுவும். மேலும், சோப்புத் தண்ணீரில் அலசி மின்விசிறியின் கீழ் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாட்ச்சிலிருந்து உருவிய பிறகு அலச வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பழைய வாட்ச்சுக்குத் தண்ணீர் ஆகாது. அசல் ராணுவ வாட்ச் சிலவற்றில் பின்னுக்குப் பதில் நிரந்தரமாகப் பற்ற வைத்த கம்பி இருக்கும். அவற்றில் சாதாரண இரு துண்டு ஸ்டிராப்பை மாட்டவே முடியாது. ஒற்றைப் பட்டைதான் வழி.

குறையும் இருக்கிறது. பட்டை வாட்ச்சின் அடியில் போவதால் வாட்ச் சற்று உயர்ந்து நிற்கும். நேட்டோ வகையில் அடியில் இரண்டு அடுக்கு. மெல்லிய பழைய வாட்ச்சுக்கு ஒரே அடுக்காக வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மெலிந்த கை உள்ளவர்களுக்கு வால் மிச்சமாகும். அதை மடித்து வளையத்தில் செருகிக் கொள்ளலாம். இன்னொரு விஷயம், சிலருக்கு நிக்கல் கலந்த உலோகம் ஒத்துக் கொள்ளாது. கொக்கி படும் இடத்தில் மட்டும் அரிப்பு வந்தால் பட்டையைக் குறை சொல்லாமல் கொக்கியை மாற்றிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி பெரும்பாலும் தொல்லை தராது.

கடைசியாக ஒரு வார்த்தை

இணையத்தில் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அரியலூரிலும் பெரம்பலூரிலும் இருப்பவருக்கு 18 எம்.எம். நைலான் பட்டையில் நாலைந்து நிறம் வேண்டுமென்றால் இணையம்தான் வசதி. தேடும்போது 'வாட்ச் ஸ்டிராப்' என்று மட்டும் அடிக்காமல் அகலத்தையும் சேர்த்து அடியுங்கள். விவரப் பகுதியில் அகலம், நீளம், தடிமன் மூன்றும் எண்ணால் குறிப்பிடப்படவில்லை என்றால், படம் எத்தனை அழகாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்றும் பார்த்திடவும். ஆனால் மாட்டும் வேலையை உள்ளூர் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். புது பின் போட்டு, இழுத்துப் பார்த்துக் கொடுப்பார். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கையோடு வாட்ச்சைச் சர்வீஸ் செய்வதா என்றும் கேட்டுக் கொள்ளலாம். நாள்பட ஓடாமல் கிடந்த வாட்ச்சில் எண்ணெய் உறைந்திருக்கும்.

எல்லாவற்றிற்கும் மேல், யாருக்காக வாங்குகிறோமோ அவர் கையை ஒரு முறை பிடித்து அளந்து விடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அப்பாவின் கையில் தடம் விழுந்திருக்காது. இப்போது அந்த ஜவானில் சாம்பல் நிற நைலான் பட்டை இருக்கிறது. அப்பா பழையபடி காலையில் காபி குடித்துக் கொண்டே சாவி கொடுக்கிறார். விசேஷத்துக்கு மட்டும் கழற்றி வைக்கிறார். அதற்கு ஒரு தோல் பட்டை வேண்டுமாம். இந்த முறை அளவை அவரே சொல்லிவிட்டார்.