கிரகணத்தின் மேல் பழி ஏன்?

உதடு பிளந்த குழந்தை பிறந்தால், "கிரகணத்திலே வெளியே போனாள்" என்று தாயின் தலையில் பழி போடுகிறவர்கள் இன்னும் உண்டு. அபாண்டம்!

டாக்டர்கள் கணக்கு வேறு. பிறவிக் கோளாறுகளில் முதலிடம் இருதயத்துக்கு. 1000 குழந்தைகளில் 8, 9 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஓட்டை, அல்லது வேறு குறை. உதட்டுப் பிளவும் வளைபாதமும் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். உள்ளே ஒளிந்திருப்பதே அதிகம்!

வளைந்த பாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு போட்டு நிமிர்த்தலாம். உதட்டைச் சில மாதங்களில் தைக்கலாம். இருதயத்துக்கும் ஆபரேஷன் உண்டு. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைச் சோதிக்க 2013 முதல் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது.

ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தினக்கூலிக்குப் போகிறவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூருக்கோ எழும்பூருக்கோ போனால் அன்றைய கூலி போச்சு! "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் நஷ்டம் யாருக்கு?

அந்த ஒரு நாள் கூலியைத் தொழிற்சாலைகள் கொடுக்கட்டும். சோதனைக் குழு, ஷிப்ட் முடிகிற நேரத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கே வரட்டும். பிஞ்சு இருதயம் சம்பளத் தேதி வரை காத்திருக்குமா?