மலிவான ஒப்பந்தமும் முறையான ஒப்பந்தமும்

பொன்முடி சாலையில் கல்லாற்றைக் கடப்பவர்கள் மழைக்காலத்தில் காணும் ஆறு வேறு, கோடையில் காணும் ஆறு வேறு. இடவப்பாதியில் பாறைகளை மூடிப் பாயும் நீர், மார்ச் மாதத்தில் பாறைகளுக்கிடையே வழி தேடும். கேரளத்தின் நீர்மின் உற்பத்தியும் ஏறக்குறைய இப்படித்தான். எனவே மாநில மின்வாரியம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது.

நாள்தோறும் வேண்டிய சரக்கை எப்படிப் பேசி வாங்குவது என்பதே இங்கு பிரச்னை. டீக்கடைக்காரர் அன்றாடப் பாலுக்கு மாதக் கணக்குப் பேசிக்கொள்கிறார். திருவிழா நாளுக்கு வேண்டிய கூடுதல் பாலை அன்றைய விலைக்கு வாங்குகிறார். மின்சாரத்துக்கும் இந்த வழிதான் பொருந்தும். ஆண்டு முழுவதும் குறையாத தேவைக்கு நீண்டகால ஒப்பந்தம். கோடையின் மாலை நேரத் தேவைக்குக் குறுகியகால ஒப்பந்தம்.

வாரியம் இந்த வழியில்தான் சென்றது. 2014-இல் டெண்டர் கோரி, 25 ஆண்டு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. அவற்றில் 465 மெகாவாட்டுக்கான நான்கு ஒப்பந்தங்களே சர்ச்சைக்குள்ளாயின. விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 15 பைசா முதல் 4 ரூபாய் 29 பைசா வரை. பின்னாளைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். ஆனால் குறைந்த விலை கேட்ட நிறுவனத்தோடு நில்லாமல், மற்றவர்களிடமும் வாங்க முடிவு செய்யப்பட்டது. டெண்டர் விதிகளிலிருந்து விலகியதற்கு மத்திய அரசின் ஒப்புதலும் பெறப்படவில்லை. கோப்பு ஆண்டுக்கணக்கில் முடியாமலே கிடந்தது. மின்சாரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

2023 மே மாதத்தில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவற்றை ஏற்க மறுத்தது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. மாற்று மின்சாரம் தேடி வாரியம் டெண்டர் கோரியபோது வந்த விலைகள் 6 ரூபாயைத் தாண்டியிருந்தன. அரசு தலையிட்டதன் பேரில் டிசம்பரில் ஆணையம் ஒப்பந்தங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவையும் ரத்து செய்தது. இதற்கிடையே வந்த 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது.

ஆணையம் விதியைப் பார்த்தது தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பார்வை கையெழுத்தானவுடன் வந்திருக்க வேண்டும். ஆண்டுகள் கழித்து வந்தபோது மாற்று வழி தேட அவகாசம் இல்லை. வாரியத்தின் பிழையும் சிறிதல்ல. சரியான வகை ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை நிலைநிறுத்த வேண்டிய காகிதங்களில் கோட்டை விட்டது. அலுவலகக் குமாஸ்தா ஒருவர் இப்படிக் கோப்பு அனுப்பியிருந்தால் மறுதபாலிலேயே திரும்பி வந்திருக்கும்!

2024 டிசம்பரில் கேரளத்தில் மின்கட்டணம் யூனிட்டுக்குச் சராசரியாக 16 பைசா உயர்ந்தது. இந்த ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனது மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஆனாலும் அதிக விலைக்கு வாங்கிய மின்சாரத்தின் சுமை கடைசியில் கட்டணத்தில்தான் வந்து இறங்கும். வாடகை அறையில் ஒரு மின்விசிறியின் கீழ் நால்வர் படுத்துறங்கும் தொழிலாளிகளும் அதில் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்கள்.