அச்சாரம் கொடுத்தால் வீடு நமதாகுமா?

ஒரு சாதாரணக் குடும்பம் வீடு வாங்குவது வாழ்நாளில் ஒரு முறை நடக்கும் காரியம். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அதில் இருக்கிறது. மனைவியின் நகை இருக்கிறது. பிராவிடண்டு பண்டுப் பணம் இருக்கிறது.

அப்படி வாங்க நினைத்த வீடு, பத்திரம் எழுதும் நேரத்தில் கை நழுவிப் போனால்?

"நேற்று ராத்திரி வேறு ஒருவர் வந்தார். 2 லட்சம் கூடத் தருகிறேன் என்றார். அவருக்கே பேசி முடித்துவிட்டோம். நீங்கள் கொடுத்த அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னால்?

ஊருக்கு ஊர் இது நடக்கிறது. ஏமாந்த குடும்பம், "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறது. விதியின் மேல் பழியைப் போடுகிறது. ஆனால் இதில் விதிக்கு வேலை குறைவு. எழுத வேண்டிய ஒரு காகிதத்தை, எழுத வேண்டிய நாளில் எழுதாததுதான் பெரும்பாலும் காரணம்.

எப்படி நடக்கிறது?

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும்.

கணவனும் மனைவியும் ஒரு வீட்டைப் பார்க்கிறார்கள். பிடித்துவிடுகிறது. நல்ல தண்ணீர். பள்ளிக்கூடம் பக்கத்தில். பஸ் வசதி உண்டு. வீட்டுக்காரரோ வயதானவர். நன்றாகப் பேசுகிறார். விலை படிகிறது. வெற்றிலைபாக்குத் தட்டில் வைத்து 10 ஆயிரமோ, 50 ஆயிரமோ அச்சாரம் கொடுக்கிறார்கள். இன்றைக்கு அதை "டோக்கன் அட்வான்சு" என்கிறார்கள்.

"அப்புறம் என்ன தம்பி! வீடு உங்களுக்குத்தான். போய்ப் பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்கள்" என்கிறார் பெரியவர்.

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் ரசீது கேட்பதா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ? கூச்சம் வந்துவிடுகிறது. ரசீது இல்லை. எழுத்து இல்லை. நல்ல வார்த்தை மட்டும் இருக்கிறது.

பிறகு பாங்கிக் கடனுக்கு அலைச்சல் ஆரம்பிக்கிறது. சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். பாங்கியின் வக்கீல் மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். என்ஜினீயர் வந்து வீட்டை மதிப்புப் போட வேண்டும். வாரங்கள் ஓடுகின்றன.

அதே சமயம், ரொக்கப் பணத்தோடு இன்னொருவர் வருகிறார். கடன் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "நாளைக்கே பத்திரம் எழுதலாம்" என்கிறார். விலையும் கூட்டித் தருகிறார். பெரியவர் மனம் மாறுகிறது. அவர் மாறாவிட்டால், பிள்ளைகள் மாற்றிவிடுகிறார்கள். சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் பதிவாகிவிடுகிறது.

முதலில் பேசியவருக்கு அச்சாரம் திரும்பி வருகிறது. ஆனால் நஷ்டம் அதோடு போகிறதா? வக்கீலுக்குக் கொடுத்தது போயிற்று. பாங்கியில் கட்டிய கட்டணம் போயிற்று. நகையை அடகு வைத்ததற்கு வட்டி போயிற்று. இருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே வேறு ஆள் வரத் தயாராக இருக்கிறார். பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

சொத்து கைமாறுவதற்கு 1882-ம் வருடத்திலேயே ஒரு சட்டம் வந்தது. சொத்து மாற்றுச் சட்டம் என்று அதற்குப் பெயர். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ நிலமோ விலைக்குப் போனால், பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் மூலம்தான் சொந்தம் மாறும் என்கிறது அந்தச் சட்டம். இன்றும் அதுதான் சட்டம்.

வீட்டை விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும் அந்த வீட்டில் எந்தச் சொந்தத்தையும் தந்துவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அச்சாரம் கொடுத்த அன்றே "வீடு நம்முடையது" என்று நினைப்பது தவறு.

அப்படியானால் ஒப்பந்தம் வீண்தானா? இல்லை. "எனக்கு விற்பதாகச் சொன்னாய். சொன்னபடி பத்திரம் எழுதிக் கொடு" என்று கேட்கும் உரிமை அதனால் வருகிறது. அந்த உரிமைக்காகக் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் ஒப்பந்தம் நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். வாய் வார்த்தையை எப்படி நிரூபிப்பது? "பேசவே இல்லை" என்று அவர் சொன்னால்? "பணம் கைமாற்றாக வாங்கினேன்" என்று சொன்னால்? அங்கேதான் எழுத்தின் அருமை தெரிகிறது.

பதிவு செய்தால் என்ன லாபம்?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1-ந் தேதி முதல், கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதைப் பலர் இன்னும் அறியவில்லை. முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். லாபம் இங்கேதான் இருக்கிறது. அடுத்து அந்த வீட்டை வாங்க வருகிறவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். "இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது" என்று அதில் தெரியும். அவருடைய வக்கீல் "வேண்டாம்" என்பார். பாங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பெரும்பாலும் அவர் தானே ஒதுங்கிக்கொள்வார். சண்டை இல்லை. கோர்ட்டு இல்லை.

பதிவு செய்யாத ஒப்பந்தம் குப்பைக்குத்தான் போக வேண்டுமா? அப்படியும் இல்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தப்படி பத்திரம் எழுதித் தரச் சொல்லிப் போடும் வழக்கில், பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகக் காட்டலாம் என்பது அந்தத் தீர்ப்பு. ஏமாந்தவருக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் பீரோவில் இருக்கும் காகிதம் வில்லங்கச் சான்றில் தெரியாது. ஊராருக்கு எச்சரிக்கை செய்யாது.

போட்டிக்கு வந்தவர் நிலை

"கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று இரண்டாவதாக வந்தவர் மார் தட்டிக்கொள்ளலாமா?

அவசரப்படக் கூடாது. குறித்த பரிகாரச் சட்டம் என்று 1963-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் ஒப்பந்தம் இருப்பது தெரியாமல், நல்ல எண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கியவரைத்தான் அது காப்பாற்றுகிறது. தெரிந்தே வாங்கினவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. முதலில் ஒப்பந்தம் செய்தவருக்கு வீட்டைக் கொடுக்கும்படி அவரையும் சேர்த்தே கோர்ட்டு உத்தரவிட முடியும். ஒப்பந்தம் பதிவாகி இருந்தால், "எனக்குத் தெரியாது" என்ற சமாதானமும் நிற்காது.

ஆகவே, "அவர் கொடுத்த விலைக்கு மேல் நான் தருகிறேன்" என்று குறுக்கே போகிறவர், வீட்டோடு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

கோர்ட்டுக்குப் போனால்

ஏமாந்தவர் முதலில் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார். "இது சிவில் விவகாரம். கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

வக்கீல் மூலம் நோட்டீசு அனுப்ப வேண்டும். வீடு கைமாறாமல் இருக்கத் தடை உத்தரவு கேட்க வேண்டும். வழக்கு நடக்கும்போது வீட்டை விற்றால், வாங்கியவரையும் அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவில் இருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கெடு இல்லை என்றால், "விற்க மாட்டேன்" என்று சொன்னது தெரிந்த நாளில் இருந்து 3 வருடம்.

முன்பெல்லாம், ஒப்பந்தம் உண்மை என்றாலும் பத்திரம் எழுதித் தரச் சொல்வதா, வேண்டாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு இருந்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தில் உள்ள நிபந்தனைகள் சரியாக இருந்தால், ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வாங்குகிறவர் தொடக்கத்தில் இருந்தே பணத்தோடு தயாராக இருந்தார் என்று காட்ட வேண்டும். பாங்கிக் கணக்குப் புத்தகம், கடன் கொடுக்கச் சம்மதித்த கடிதம், வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம் எல்லாம் அப்போது கை கொடுக்கும். பணத்துக்கு வழி செய்யாமல் நாள் கடத்தினவருக்கு இந்தச் சட்டம் உதவாது.

ஜெயித்தாலும், வழக்கு பல வருடம் ஓடும். அதுவரை வாடகை வீடுதான். எனவே கோர்ட்டு வாசலை மிதிக்காமல் இருக்கும் வழியைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

விற்பவரின் கஷ்டம்

குற்றம் எல்லாம் விற்கிறவர் மேல்தானா? அப்படிச் சொல்வது நியாயம் ஆகாது.

வீட்டை விற்கிறவருக்கும் ஒரு அவசரம் இருக்கும். மகள் கல்யாணம் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று வாங்குகிறவர் 6 மாதம் இழுத்தால் அவர் என்ன செய்வார்? ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு ஆளே காணாமல் போனால், அவர் வீடு முடங்கிப் போகும். பதிவு செய்யப் பல பெரியவர்கள் பயப்படுவது இதனால்தான்.

அந்தப் பயத்துக்கு மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பேசிய விலை என்ன? கொடுத்த பணம் எவ்வளவு? மீதியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும்? தராவிட்டால் என்ன? விற்பவர் பின்வாங்கினால் என்ன? இந்த ஐந்தையும் தெளிவாக எழுத வேண்டும். பேச்சு முறிந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் பாதுகாப்பு.

இங்கிலாந்திலும் உண்டு

இந்தத் தொல்லை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. இங்கிலாந்தில் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். "கசம்பிங்" என்பார்கள். அங்கே விலை பேசி முடித்தாலும், இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. நடுவில் கூடுதல் விலையோடு ஒருவர் வந்தால், முதலில் பேசியவர் கதி அதோ கதிதான்.

பக்கத்திலேயே ஸ்காட்லாந்து இருக்கிறது. அங்கே முறை வேறு. இரு தரப்பு வக்கீல்களும் கடிதங்கள் மூலம் விலையையும் நிபந்தனைகளையும் முடிவு செய்கிறார்கள். கடிதப் பேச்சு முடிந்தால் இருவரும் கட்டுப்பட்டவர்கள். இந்த முறையால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. சீக்கிரம் எழுத்தில் கட்டுப்பட்டால் ஏமாற்றம் குறையும். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்?

வீடு பிடித்திருக்கிறதா? அச்சாரம் கொடுக்கும் முன்பே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். வேறு யாருக்காவது ஒப்பந்தம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நேரத்தில் மனம் மாறுவது பல சமயம் கையெழுத்துப் போடாத பிள்ளைகளால்தான்.

அச்சாரம் சிறிய தொகையாக இருக்கட்டும். அதையும் பாங்கி மூலம் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு அடையாளம் இருக்காது. ரசீது கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல மனிதர் அதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்துக்கொண்டால், அப்போதே யோசிக்க வேண்டியதுதான்.

சில நாட்களுக்குள் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பெரிய தொகையை அதற்குப் பிறகு கொடுங்கள். பாங்கிக் கடன் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதை வீடு தேடும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதம்தான் போட்டிக்காரருக்குக் கதவு திறந்து விடுகிறது. பத்திரம் பதிவாகும் வரை இருக்கும் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லாதீர்கள்.

வீடு விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை பேசும்போது எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் ஒரு குடும்பத்திடம் கை நீட்டி அச்சாரம் வாங்கிய பிறகு, இன்னொருவரிடம் விலை பேசாதீர்கள். கூடுதலாக வரும் 2 லட்சம், அந்தக் குடும்பத்தின் நகையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் இருந்து எடுத்ததாகும்.

தரகர்களும் இதில் உறுதியாக நிற்க வேண்டும். ஒருவருக்குப் பேசி முடித்த வீட்டை இன்னொருவருக்குக் காட்டுவதில்லை என்று அவர்கள் வைத்துக்கொண்டால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பெரியவர்கள் கொடுத்த வாக்கை மதிப்போம். அந்த வாக்கை எழுதி, பதிவு செய்தும் வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்துக்கு அந்தக் காவலாவது வேண்டும்.