சாம்பலிலும் பக்குவம் உண்டு!

நெய்வேலியில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். யாரோ கொடுத்த மின் நிலையச் சாம்பலால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மாமி, "இந்த ஊரில் சாம்பலுக்கா பஞ்சம்!" என்று சிரித்தார்.

வாஸ்தவம்தான். இங்கே 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. கூடவே சாம்பலும் குவிந்தது. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனது போக, அதற்கு இன்னொரு வேலையும் கண்டிருக்கிறார்கள் விஞ்ஞானிகள்.

சாம்பலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டுச் சூடாக்கினால், நுண்ணிய துளைகள் நிறைந்த 'ஜியோலைட்' கிடைக்கிறது. அது தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுவிட்டு, கழிவுநீரிலுள்ள ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது! டீசல் என்ஜின் புகைக்கரியைக் கொண்டு சாயநீரைத் தெளிய வைக்கும் ஆராய்ச்சியும் நம் நாட்டில் நடந்திருக்கிறது.

"அப்படியானால் குடிதண்ணீர்ப் பானையில் ஒரு பிடி போடட்டுமா?" என்றார் மாமி.

"ஐயையோ, வேண்டாம் மாமி!" என்று பதறினேன். மின் நிலையச் சாம்பலில் பாதரசம், ஆர்சனிக் போன்ற நஞ்சுகள் இருக்கலாம். பக்குவப்படுத்தினால் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அதே சாம்பல், அப்படியே போட்டால் நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்து வேலையை அடுக்களையில் செய்யலாமா?

மாமி ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சாம்பலை ஒதுக்கிவிட்டு, பாத்திரங்களை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.